எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை?

மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள்: மேலூர், மதுரை கிழக்கு, சோழவந்தான், மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி. உங்கள் எம்.எல்.ஏ. யார் என்று டீக்கடையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் பெயரைச் சொல்லிவிடுவார். கட்சி, சொந்த ஊர், எந்தக் கோஷ்டி என்பது வரை கூடவே வரும். அவருக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "ரோடு போடுறது", "தண்ணி கொண்டாறது", "நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறது" என்பார்கள்.

மூன்றாவது சொன்னார்களே, அதை அவர் உண்மையாகவே செய்கிறார். முதல் இரண்டும் அவர் கையில் இல்லை. ஒரு தெருவிளக்கை மாட்டச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம்கூட எம்.எல்.ஏ.வுக்குச் சட்டத்தில் கிடையாது. தாசில்தாரை இடம் மாற்ற அவர் கையெழுத்து செல்லாது. பட்டா கொடுக்க முடியாது, ரேஷன் கார்டு அச்சடிக்க முடியாது, போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவோ கிழிக்கவோ முடியாது. நடைமுறையில் இதெல்லாம் அவர் போன் போட்டதும் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. அது அவருக்கு இருக்கும் செல்வாக்கு. அதிகாரம் வேறு.

சட்டம் அவருக்குக் கொடுத்திருப்பது முக்கியமாக மூன்று உரிமைகள். அமைச்சரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம். மாநிலத்துக்கான சட்டத்தில் ஓட்டுப் போடலாம். அரசு செலவழிக்கும் பணத்துக்குச் சம்மதம் சொல்லலாம், மறுக்கலாம். சுருக்கமாக, அவர் வேலை கேட்பது. கேட்கத் தெரியாத எம்.எல்.ஏ., கட்சி எதுவானாலும், தொகுதிக்கு அரைப் பயன்தான் என்பது என் கருத்து.

முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்று பார்த்துவிடலாம். மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள், 100 கவுன்சிலர்கள். குடிதண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு எல்லாம் மாநகராட்சி வேலை. கேட்க வேண்டியது கவுன்சிலரிடம். கிராமமென்றால் ஊராட்சித் தலைவர். ரேஷன், பட்டா, அரசு ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளி, டவுன் பஸ், மின்வாரியம், போலீஸ், கண்மாய், மாநில நெடுஞ்சாலை எல்லாம் மாநில அரசு. இங்கேதான் எம்.எல்.ஏ. வருகிறார். ரயில்வே கேட், விமான நிலையம், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட் என்றால் ஒன்றிய அரசு, அதற்கு எம்.பி. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் கட்டட வேலை ஏன் இழுத்தது என்று உள்ளூர் எம்.எல்.ஏ.வை மறித்துக் கேட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து ஆதங்கப்படலாம், அவ்வளவுதான்.

எம்.பி. என்றதும் மதுரைக்காரர்களுக்கே குழப்பம் வரும் ஒரு விஷயம் உண்டு. மதுரை மக்களவைத் தொகுதியில் மேற்சொன்ன பத்தில் ஆறுதான் சேரும்: மேலூரும், மதுரை என்று பெயர் தொடங்கும் ஐந்தும். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர் எம்.பி. கணக்கு. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி. 2008 தொகுதி மறுசீரமைப்பில் வந்த ஏற்பாடு இது. சமயநல்லூர், சேடபட்டி என்ற சட்டமன்றத் தொகுதிகள் காணாமல் போனதும் அப்போதுதான். சேடபட்டி என்ற பெயர் மட்டும் ஆளோடு ஒட்டிக்கொண்டது. 1991 முதல் 1996 வரை சட்டமன்ற சபாநாயகராக இருந்த ஆர். முத்தையாவை இன்றும் "சேடபட்டி முத்தையா" என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு அடுத்து 2001 வரை அதே நாற்காலியில் இருந்தவரும் மதுரைக்காரர், பி.டி.ஆர். பழனிவேல்ராஜன்.

எம்.எல்.ஏ. ஆவதற்குச் சட்டம் கேட்பது மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் இல்லை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் அரசுக்குப் போய்விடும். "டெபாசிட் காலி" என்பது இதைத்தான். மாநிலத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் தனித் தொகுதி.

நிற்கும் தொகுதியிலேயே வசிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1980-ல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்கில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். அதற்கு முந்திய தேர்தலில் அவர் தொகுதி அருப்புக்கோட்டை, பிந்திய தேர்தலில் ஆண்டிபட்டி.

சட்டம் கேட்காததைக் கட்சி கேட்கும். பெரும்பாலான எம்.எல்.ஏ.க்களின் வாழ்க்கை ஒரு பசை வாளியிலும் போஸ்டர் கட்டிலும் தொடங்கியிருக்கும். நகரத்தில் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர். கிராமத்தில் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர். அதற்கு மேல் மாவட்டச் செயலாளர். ஒவ்வொரு படிக்கும் ஐந்து பத்து வருஷம் போகலாம். இடையில் கவுன்சிலர், ஒன்றியத் தலைவர் என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். தேர்தல் நெருங்கியதும் கட்சித் தலைமையகத்தில் பணம் கட்டி விருப்ப மனு, பிறகு நேர்காணல். எல்லாம் கூடி வந்த பிறகு தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வரும். இருபது வருஷ உழைப்பு ஒரே சாயங்காலத்தில் போய்விடும். கண்கலங்கியபடி, "தலைமை யாரைச் சொன்னாலும் வேலை பாப்போம்ணே" என்று பேட்டி கொடுப்பவரைத் தேர்தலுக்குத் தேர்தல் டிவியில் பார்க்கிறோம்.

வாரிசு என்றால் படி ஏறும் நேரம் குறையும். மறைக்க வேண்டியதில்லை, கண் முன்னே இருப்பதுதான். 1936-ல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகச் சில மாதங்கள் இருந்தவர் பி.டி. ராஜன். அவர் மகன்தான் மேலே சொன்ன சபாநாயகர். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2016, 2021 இரண்டு தேர்தல்களிலும் மதுரை மத்தியில் வென்று நிதியமைச்சராகவும் இருந்தார். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். நாடக மேடையில் பாடி நடித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற கே.பி. ஜானகி அம்மாள் 1967-ல் மதுரை கிழக்கில் ஜெயித்தார். அதே தேர்தலில் மதுரை மேற்கில் ஜெயித்தவர் என். சங்கரய்யா, 1941-ல் அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. கடைசிப் பரீட்சைக்குச் சில நாள் முன்பு கைதாகிப் படிப்பைத் தொலைத்தவர். பிறகு 1977, 1980 தேர்தல்களில் மதுரை கிழக்கின் உறுப்பினர். இருவருமே மார்க்சிஸ்ட் கட்சி. இருவர் கதையிலும் பணம் எங்கும் வராது.

கட்சியின் "சீட்" என்பது கடைசியில் ஒரு காகிதம். பேச்சில் "பி ஃபாரம்" என்பார்கள். ஏ படிவம், கட்சி சார்பில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர் யார் என்று சொல்வது. பி படிவம், இந்தத் தொகுதிக்கு எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று சொல்வது. பி படிவம் இருந்தால்தான் கட்சியின் சின்னம். இந்தக் காகிதத்தின் கனம் தெரிய வேண்டுமென்றால் திருப்பரங்குன்றத்தின் ஐந்து வருஷக் கதையைக் கேளுங்கள்.

2016 மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க.வின் எஸ்.எம். சீனிவேல் ஜெயித்தார். பதவிப் பிரமாணம் எடுக்கும் முன்பே இறந்துபோனார். நவம்பரில் இடைத்தேர்தல், அதே கட்சியின் ஏ.கே. போஸ் ஜெயித்தார். அந்தச் சமயம் கட்சியின் பொதுச் செயலாளர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்ததால், படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய விரல்ரேகை இருந்தது. தோற்ற தி.மு.க. வேட்பாளர் பா. சரவணன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2018 ஆகஸ்டில் போஸும் காலமானார். 2019 மார்ச்சில் தீர்ப்பு: அந்த வெற்றி செல்லாது. வழக்கைக் காரணம் காட்டி இடைத்தேர்தல் தள்ளிப்போய், 2019 மே 19 அன்றுதான் ஓட்டுப் பதிவு நடந்தது. சரவணன் ஜெயித்தார். 2021-ல் மறுபடி பொதுத் தேர்தல். ஆக, ஐந்து வருஷத்துக்குள் சட்டமன்றத்துக்கு மட்டும் நான்கு முறை விரலில் மை. நடுவே 2018 ஆகஸ்டிலிருந்து ஒன்பது மாதத்துக்கு மேல் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன.

இடைத்தேர்தல் என்றாலே திருமங்கலத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 2009 ஜனவரியில் அங்கே நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்ற தொடர் தமிழக அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. ஓட்டுக்குப் பணம் என்பதன் செல்லப்பெயர். சட்டப்படி ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். நாம் கண்ணால் பார்க்கும் தேர்தலையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மனநலத்துக்கு நல்லதல்ல.

சரி, ஜெயித்தாகிவிட்டது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உறுதிமொழி. அதை எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தங்குவதற்கு ஓமந்தூரார் தோட்டத்தில் எம்.எல்.ஏ. விடுதி. மதுரை உறுப்பினர்களுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸும் ஒரு வீடு மாதிரி ஆகிவிடும்.

சட்டமன்றம் கூடும் நாள்கள் அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்கு ஐம்பதைத் தாண்டுவதில்லை. மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் அவர் ஊரில்தான், கல்யாணத்திலும் காதுகுத்திலும் துட்டி வீட்டிலும். ஐம்பதுக்கும் குறைவான அந்த நாள்களில்தான் அவருடைய சொந்த வேலை நடக்கிறது. அதைத் தொகுதியில் யாரும் பார்ப்பதில்லை என்பது இந்தப் பதவியின் பெரிய முரண்.

அவை நாள் கேள்வி நேரத்தோடு தொடங்கும். உறுப்பினர் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாததற்கு எழுத்தில் வரும். கேள்வி கிட்டத்தட்ட எப்போதும் ஒரே வார்ப்பில் இருக்கும். இன்ன ஊரில் இன்ன பாலம் கட்ட "அரசு முன்வருமா?" அமைச்சர் எழுந்து, "அரசின் பரிசீலனையில் இல்லை" என்பார். கேட்பவர்களுக்கு அது கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். அசல் விளையாட்டு அதற்குப் பிறகுதான். துணைக் கேள்வி கேட்க உறுப்பினருக்கு வாய்ப்பு உண்டு. விவரம் தெரிந்தவர் அங்கே பிடிப்பார்: "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைக் கடந்துதான் பிள்ளைகள் போக வேண்டும். மழைக்காலத்தில் வகுப்பே கிடையாது. தாங்கள் வாயிலாக அமைச்சர் அவர்களை அறிய விரும்புவது, ஆய்வாவது செய்யச் சொல்வார்களா?" அமைச்சர் "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று இறங்கி வருவார். "இல்லை" என்பது "பரிசீலிக்கப்படும்" ஆகிவிட்டால் துறை அலுவலகத்தில் ஒரு கோப்பு திறந்தாக வேண்டும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குகளைப் பட்டியல் போட்டுத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று சட்டமன்றத்தில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்தும் அது, "இதைச் சொன்னீர்களே, என்ன ஆச்சு?" என்று கேட்கும்.

உசிலம்பட்டியின் 58 கிராமக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வைகை அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கண்மாய்களை நிரப்ப வேண்டும் என்பது அந்த மண்ணின் தலைமுறைக் கோரிக்கை. கால்வாய் வந்த பிறகும் அணை ஏறக்குறைய நிரம்பினால்தான் தண்ணீர் ஏறும். அதற்கும் அரசு ஆணை வேண்டும். ஷட்டரைத் திறக்கும் அதிகாரம் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவை சம்மதம் சொல்லும் மானியக் கோரிக்கையில் நீர்வளத் துறை வரும்போது எழுந்து பேசலாம், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரிடம் பதில் கேட்கும் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், அமைச்சர் அறையில் போய் உட்காரலாம். அங்கே எந்தக் கட்சிக்காரர் உறுப்பினராக வந்தாலும் இந்தக் கால்வாயைப் பேசாமல் காலம் தள்ள முடியாது. மக்கள் விடாமல் கேட்டதால் அவரும் விடாமல் கேட்க வேண்டியதாகிறது.

சட்டம் இயற்றுவதற்கு மதுரைக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் கூட்டம் கூடியது. முதலில் அவசரச் சட்டம் வந்தது. அது தற்காலிகம்தான் என்று வாடிவாசலில் இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து அன்றே ஒருமனதாக நிறைவேற்றினார்கள். விலங்கு வதைத் தடுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கும் விஷயம். ஒன்றிய அரசின் 1960 சட்டத்தை மாநிலம் திருத்துவதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. கிடைத்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இன்று தை மாதம் வாடிவாசல் திறப்பது அந்த 2017 ஓட்டெடுப்பின் பலத்தில்தான்.

சட்டம் வேறு, தீர்மானம் வேறு. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 நவம்பரில் செய்தி வந்தது. அதுபோன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் அதை ரத்து செய்ய முடியாது. அதனால் டிசம்பர் 9 அன்று, ஏலத்தை ரத்து செய்யுங்கள் என்று ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தீர்மானத்துக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனால் கட்சி வித்தியாசமில்லாமல் ஒரு மாநிலமே எழுதிக் கொடுத்த மனு அது. ஜனவரியில் மேலூர்க்காரர்கள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதாக அறிவிப்பு வந்தது. தெருவும் சட்டமன்றமும் ஒரே குரலில் பேசினால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர் இரண்டு முறை பார்த்துவிட்டது.

இவ்வளவு உரிமை இருந்தும் பல உறுப்பினர்கள் ஏன் வாயே திறப்பதில்லை? நேரம் கட்சி வாரியாகப் பிரிக்கப்படுகிறது, யார் பேசுவது என்று கட்சிதான் பட்டியல் கொடுக்கிறது என்பது ஒரு காரணம். அவையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடும் கொறடா இன்னொரு காரணம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். தானாகக் கட்சியை விட்டு விலகினாலும் போகும். விலகியதாகக் கருதும்படி நடந்துகொண்டாலும் போகும். தீர்ப்புச் சொல்பவர் சபாநாயகர். 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் இப்படித் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது ஆண்டிபட்டி, பெரியகுளம், நிலக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடி, சாத்தூர் என்று மதுரையைச் சுற்றியே ஆறு தொகுதிகள் காலியாகின. விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், சொந்த புத்தியோடு ஓட்டுப் போடுவதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. பெரும்பாலும் ஓட்டெடுப்பே குரல் வாக்கெடுப்புதான். "ஆம் என்போர்", "இல்லை என்போர்", முடிந்தது. உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று பதிவே இருக்காது.

இதில் பாதிக்குப் பாதி பேருக்கு மந்திரி ஆசையும் இருக்கும். அமைச்சரவை, முதலமைச்சரையும் சேர்த்து, சட்டமன்ற எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 234-க்கு 35 பேர். மற்றவர்களுக்கு வாரியம், குழு, அல்லது பொறுமை.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகத் தவறான தகவல் உலவுவது இங்கேதான். சம்பளம் 2017-ல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அடிப்படைச் சம்பளம் அதில் சிறு பகுதி. தொகுதிப் படி, வாகனப் படி, தொலைபேசிப் படி என்று படிகள்தான் மிச்சம். உசிலம்பட்டி மாதிரி மொய் கனமாக எழுதும் ஊரில் முகூர்த்த மாதம் முழுக்க நாளுக்கு நாலு விசேஷம் என்றால் அந்தப் படி எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பல உறுப்பினர்களுக்குச் சொந்தத் தொழில் இருப்பதும், இல்லாதவர்கள் தடம் மாறுவதும் இங்கிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நியாயப்படுத்தவில்லை, காரணம் சொல்கிறேன்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. "மூணு கோடியை வாங்கிப் பையில போட்டுட்டாரு" என்று பேசுவார்கள். அந்தப் பணம் அவர் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வருவதே இல்லை. இன்ன இடத்தில் வகுப்பறை, இன்ன இடத்தில் நிழற்குடை என்று அவர் எழுதிக் கொடுப்பார். மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, துறை மூலம் வேலை நடக்கும். தனியாருக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் செலவிட முடியாது. டெண்டர் எடுப்பவர் யார் என்பதில் என்ன நடக்கிறது என்பது தனிக் கதை. நிதியின் பெரும் பலவீனம் இன்னொன்று: பெயர்ப் பலகை வைக்கத் தோதான வேலைக்கே மனசு போகும். நிழற்குடை நெற்றியில் பெயர் பெரிதாகத் தெரியும். பள்ளிக்கூடக் கழிவறைக்கு யாரும் அந்த அளவில் பெயர் எழுதுவதில்லை.

இந்த நிதியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத பத்து முக்கியத் தேவைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும்தான். பத்தில் எதை எழுதுகிறார் என்பதில் உறுப்பினரின் தரம் தெரிந்துவிடும்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த காட்சி: எம்.எல்.ஏ. ஆபீஸ் காலை நேரம். ஒரு கிழவி முதியோர் உதவித்தொகை நின்றுபோனதென்று வந்திருக்கிறார். உதவியாளர் கேட்பார், "அப்பத்தா, வி.ஏ.ஓ.கிட்ட போனீகளா?" "போனேன் தம்பி, தாலுகா ஆபீஸ்ல கேளுங்கறாக. அங்க போனா பேங்க்குல கேளுங்கறாக." ஆதார் நகலை வாங்கிக்கொண்டு லெட்டர்பேடில் நாலு வரி அடிப்பார்கள். கடைசி வரி: "தகுதியிருப்பின் ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." பச்சை மையில் கையெழுத்து. "தகுதியிருப்பின்" என்ற அந்த ஒரு சொல், சட்டப்படி தனக்கு உத்தரவிட அதிகாரமில்லை என்று எம்.எல்.ஏ.வே எழுதிக் கொடுக்கும் ஒப்புதல். அந்தக் கடிதத்தோடு போனால் தாலுகா ஆபீஸில் உட்காரச் சொல்வார்கள், கோப்பைத் தேடுவார்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்குச் சிபாரிசுக் கடிதம் எதற்கு என்ற கோபம் நியாயம்தான். அதே கோபத்தை அவரிடமே சொல்லுங்கள்: ஒரு அப்பத்தாவுக்குக் கடிதம் கொடுத்தது சரி, இப்படி எத்தனை பேருக்கு நின்றது, ஏன் நின்றது என்று சட்டமன்றத்தில் கேட்டீர்களா?

பதவி போகும் வழிகள் பல. ராஜினாமா, கட்சித் தாவல், அனுமதியில்லாமல் 60 நாள் அவைக்கு வராமல் இருப்பது, இரண்டு வருஷம் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை. தண்டனை என்றால் பதவி உடனே போகும், விடுதலையான பிறகும் ஆறு வருஷம் நிற்க முடியாது. ஆனால் பெரும்பாலோருக்குப் பதவி போவது சாதாரணமாகத்தான்: மறுபடி சீட் இல்லை, அல்லது தோல்வி.

தோற்ற பிறகு எப்படி வாழ்வது என்பதற்கு மேலூர் அருகே தும்பைப்பட்டிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. பி. கக்கன், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு, அதுவரை தாழ்த்தப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லாத மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அந்த நுழைவுக்காக யார் மீதும் வழக்குத் தொடர முடியாதபடி அன்றைய ராஜாஜி அரசு பிறகு சட்டம் கொண்டுவந்தது. கக்கன் 1952-ல் மதுரை எம்.பி. ஆனார். 1957-ல் மேலூரிலும் 1962-ல் சமயநல்லூரிலும் ஜெயித்துப் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று பத்து வருஷம் அமைச்சராக இருந்தார். 1967-ல் தோற்றார். கடைசிக் காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அதை அறிந்து பதறி, தனிக் கவனிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் இறந்தார். முன்னாள் உறுப்பினர்களுக்கு இப்போது ஓய்வூதியம், மருத்துவப் படி எல்லாம் உண்டு. அதைப் பற்றிக் கிண்டல் செய்பவர்களிடம் நான் கக்கன் பெயரைச் சொல்வேன்; எல்லா முன்னாள்களும் கோடீஸ்வரர்கள் இல்லை.

உங்கள் உறுப்பினரைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ள இரண்டு இடங்கள் போதும். வேட்புமனுவோடு அவர் தாக்கல் செய்த படிவம் 26 தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாம் அவரே சத்தியம் செய்து எழுதியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் 2003 முதல் கட்டாயம். போன தேர்தலின் படிவத்தையும் அதற்கு முந்தியதையும் அடுத்தடுத்து வைத்துச் சொத்துப் பத்தியை மட்டும் பாருங்கள். இரண்டாவது, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். யார் என்ன பேசினார், அமைச்சர் என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை இருக்கும். அவைக் குறிப்பிலிருந்து நீக்கியது மட்டும் இருக்காது.

மனு கொடுக்கப் போனால் ஒரு மனுவில் ஒரே கோரிக்கை எழுதுங்கள். எந்தத் துறை, எந்த ஊராட்சி, எந்தக் கண்மாய், சர்வே எண் என்ன என்று முதல் வரியிலேயே வரட்டும். துறைக்கு ஏற்கெனவே மனுப் போட்டிருந்தால் அதன் ரசீது நகலை இணையுங்கள். கூட்டத்தொடர் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது கொடுத்தால் கேள்வியாக்கிக் கொடுக்க அவருக்கும் நேரம் இருக்கும். "ஆவன செய்யுங்கள்" என்று முடிக்காமல், "இதைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பிப் பதிலைத் தெரிவியுங்கள்" என்று முடியுங்கள். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.